தொட்டி நிறைந்தால் இறங்குவது யார்?

வேம்பநாட்டுக் காயலில் மிதக்கும் வீட்டுப் படகுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கிறார்கள். மெத்தையைப் பற்றி எழுதுகிறார்கள். பொரித்த கரிமீனைப் பற்றி எழுதுகிறார்கள். கழிப்பறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதக் காணோம். நாம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். முகம் சுளிக்க வேண்டாம், தோழர்களே! அந்தத் தண்ணீரில் முழுகிக் கக்கா வாரி வயிறு வளர்ப்பவன் முகம் சுளித்து ஒதுங்கிவிட முடியுமா?

ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துச் செய்த கெட்டுவள்ளம், ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைச் சுமந்தது. 1990களில் அதுவே மிதக்கும் விடுதியாயிற்று. இன்று நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. 2002இல் இக்காயல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், வயலில் உப்புநீர் ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கோடையில் அடைத்துவிடுகிறார்கள்; அப்போது நீரோட்டம் தளர்ந்துபோகிறது. கொட்டியது கொட்டிய இடத்திலேயே கிடக்கும்.

கடற்கப்பல்களுக்கு 2003 முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச விதி ஒன்றுண்டு. சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான், அதுவும் ஓடிக்கொண்டே, சிறுகச் சிறுக வெளியேற்றலாம். காயலுக்கு ஏது 12 மைல்? ஆகவே தொட்டிதான் வழி.

எவ்வளவு பெரிய தொட்டி? இரண்டு அறைப் படகில் விருந்தினர் நால்வர் என்று கணக்கிடுகிறார் முதலாளி. படகோட்டி, சமையற்காரர், எடுபிடி ஆகிய மூவருக்கும் வயிறு இல்லையா? எழுவர் என்று கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து முறை. முறைக்கு, கழுவும் நீரும் சேர்த்து, 7 லிட்டர். ஒரு நாளைக்கு 245 லிட்டர். இரண்டு நாளைக்கு 490 லிட்டர், அதாவது அரை டன் பாரம்! இதைப் படகின் ஒரு ஓரத்தில் வைத்தால் படகு சாயும். நடுவில், அடித்தளத்தை ஒட்டி வைக்க வேண்டும். 2 லிட்டரில் அலசும் பீங்கானை மாட்டினால் பாரம் பாதிக்கும் கீழே இறங்கும். முதலில் அதை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

இரும்புத் தகட்டுத் தொட்டி மலிவு என்பார்கள். சிறுநீர் அதை அரித்துவிடும். கனத்த சுவருள்ள பிளாஸ்டிக் தொட்டியே மேல். தைத்த பலகையில் திருகாணி ஏற்றக் கூடாது. குறுக்குச் சட்டங்களோடு வார் போட்டு இறுக்க வேண்டும். குழாய் தொய்ந்து கிடந்தால் அங்கே கழிவு தேங்கி நாறும். காற்றுக் குழாயைப் பென்சில் பருமனில் வைப்பது பெரும் பிழை. காற்று தாராளமாகப் புகுந்தால்தான் நாற்றம் குறையும்.

சில நாடுகளில், தொட்டிக்கும் போகலாம், நேரே தண்ணீருக்கும் போகலாம் என்று இருவழி வால்வு வைக்கிறார்கள். கழிவு கொட்டத் தடையுள்ள நீரில் அதைப் பூட்டியோ கைப்பிடியைக் கழற்றியோ வைக்கச் சொல்கிறது அமெரிக்கச் சட்டம். நம் காயலில் அந்த வால்வே எதற்கு? இருந்தால் ஓரிரவு யாரோ திறப்பான்; திறக்கச் சொன்னவர் கரையில் தூங்குவார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நிறைந்த தொட்டியைக் காலி செய்வது யார் என்பது. அடைத்த தொட்டிக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றமில்லை, பயமில்லை என்று எட்டிப் பார்த்தவன் திரும்புவதில்லை. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. கரையில் ஆளைக் கொல்லும் வாயு படகில் மட்டும் இரக்கம் காட்டுமா?

ஆகவே ஆள் நுழையத் தேவையே இல்லாத தொட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். அடி சரிந்து ஒரு மூலையில் கூட வேண்டும். உறிஞ்சு குழாய் அந்த மூலையிலிருந்து மேல்தளத்துக்கு வர வேண்டும். அங்கே 1½ அங்குல மூடி. உள்ளே அலசத் தனிக் குழாய். கரையிலுள்ள பம்பு வாயைப் பொருத்தினால் வேலை தீர்ந்தது. அந்தப் பம்பும் சுத்திகரிப்பு நிலையமும் பழுதின்றி ஓடுகின்றனவா என்று சர்க்காரைக் கேட்பது படகுத் தொழிலாளர் சங்கங்களின் பொறுப்பு. உறிஞ்சும் கட்டணத்தை எடுபிடிப் பையனின் கூலியில் பிடிக்காதிருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.