திரையில் தொடங்கும் கணக்கு

பாகங்களைத் தனித்தனியே தேர்ந்து பொருத்திக்கொள்ளும் கணினி, அதாவது கடைக்காரர்கள் 'அசெம்பிள் சிஸ்டம்' என்று குறிப்பிடுவது, விளையாட்டுக்கென வாங்கப்படும்போது செலவிடும் பணத்துக்கு நல்ல திறனைத் தரக்கூடியது; ஆயினும் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்னும் பொறுப்பை அது முழுவதுமாக வாங்குபவரிடமே விட்டுவிடுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியை ஒட்டிய வடக்குத்து போன்ற ஊரில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. பெரிய மின்னணுச் சந்தையான சென்னை ரிச்சி தெரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பிழையாக வாங்கிய பாகத்தை மறுநாளே மாற்றிக்கொள்வது எளிதன்று. வெயில், தூசி, மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் விலைப்பட்டியலோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் பிராசசரிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். மானிட்டரிலிருந்து தொடங்குவதே முறை. 'ஃபுல் எச்டி' எனப்படும் 1920 × 1080 அளவுத் திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. '4கே' திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 82.9 லட்சம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டின் ஒவ்வொரு காட்சிச் சட்டமும் இந்தப் புள்ளிகள் அனைத்துக்கும் நிறம் கணித்து வரையப்படுவதாலும், அசைவு சீராகத் தெரிய நொடிக்கு 60 சட்டங்களாவது வேண்டியிருப்பதாலும், திரையின் அளவே மற்றப் பாகங்களின் வேலைப்பளுவைத் தீர்மானிக்கிறது. மேசைக்கு அருகில் அமர்ந்து ஆடும் சாதாரண வீட்டுக்கு ஃபுல் எச்டி திரை போதுமானது. அதற்கு மேல் செல்பவர் மானிட்டருக்கு மட்டுமன்றி, அதை நிரப்பவல்ல கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

காட்சியை வரையும் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு என்பதால், மானிட்டர் நீங்கலான மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை அதற்கு ஒதுக்குவது நியாயமானது. இங்கே கவனிக்க வேண்டியது கார்டின் சொந்த நினைவகம். விளையாட்டின் படங்களும் பரப்புகளும் அதில்தான் தங்குகின்றன, அது நிரம்பிவிட்டால் எவ்வளவு வேகமான கார்டும் தடுமாறும். மாதிரி எண் புதியதாக இருந்தால் நினைவகமும் கூடுதலாக இருக்கும் என்று கொள்வது தவறு: 2021இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது, 2025இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5060 கார்டில் இருப்பதோ 8 ஜிபி. புதியது வேகமானது என்பதில் ஐயமில்லை. எனினும் நெடுங்காலம் வைத்து ஆட விரும்புவோர் 12 ஜிபி கொண்ட கார்டுகளையும், குறிப்பாக 2024 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் பி580 போன்றவற்றையும், ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பழைய கார்டுகளை மலிவாக வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. எத்தீரியம் என்னும் மின்னணு நாணயம் 2022 செப்டம்பரில் தன் கணக்கீட்டு முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவுபகலாக அந்த நாணயத்தை ஈட்டும் கணக்கீட்டில் ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய சந்தைக்கு வந்தன. எனவே பில்லும் மீதமுள்ள உத்தரவாதக் காலமும் இல்லாத கார்டைத் தொலைவிலிருந்து வரவழைப்பது வீண் துணிச்சலாகவே முடியும்.

விளையாட்டின் விதிகளையும் அசைவுகளையும் கணக்கிட்டு, அடுத்து வரைய வேண்டியதைக் கார்டுக்குச் சொல்வது பிராசசர். ஃபுல் எச்டி ஆட்டத்துக்கு இன்டெல் கோர் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் பிராசசர்கள் போதுமானவை. அதற்கு மேல் செலவிடும் பணம் கார்டுக்குப் போனால் பலன் கண்ணுக்குத் தெரியும். மதர்போர்டைப் பொறுத்தவரை, பிராசசர் அமரும் 'சாக்கெட்' எத்தனை தலைமுறைகளுக்குப் பயன்படும் என்பதே முதன்மையான கேள்வி. 2017இல் ரைசனுக்காக வந்த ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தபின், 2022இல் வெளியான பிராசசர்களும் பொருந்தின. அவ்வாறு மாற்றியவர்கள் போர்டுக்கும் ரேமுக்கும் மறுபடி செலவிட நேரவில்லை. இன்டெல் பிராசசர்களின் பெயரின் இறுதியில் வரும் 'எஃப்' என்னும் எழுத்து, அந்தப் பிராசசருக்குள் சிறிய கிராபிக்ஸ் பகுதி இயங்காது என்பதைக் குறிக்கும். விலை சற்றுக் குறைவு என்பதால் பலரும் அதையே வாங்குகிறார்கள். ஆனால் கார்டு பழுதாகி வெளியூர்ச் சேவை மையத்துக்குப் போய்த் திரும்பும் வாரங்களில் 'எஃப்' பிராசசர் கொண்ட கணினியின் திரையில் எதுவும் தெரியாது. பிள்ளைகளின் படிப்புக்கும் அதே கணினியை நம்பியிருக்கும் வீட்டில் அந்தச் சிறிய கூடுதல் விலை கொடுக்கத் தக்கதே.

ரேம் 16 ஜிபி வேண்டும். ஒரே குச்சியாக வாங்குவதைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்கினால் இரண்டு வழிகளிலும் தரவு ஓடி வேகம் கூடும். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதால், பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது ஏமாற்றத்தில் முடியும். சேமிப்புக்கு மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று போதும்.

இனி வருவது, விலைப்பட்டியலில் கடைசி வரியாக இடம்பெறும் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது இதுவே. இது தரமற்றதாக இருந்து எரியும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்தே கெடுத்துவிடக்கூடும். நெய்வேலி மின்நிலையத்துக்கு அருகில் இருப்பதால் வீட்டு மின்சாரம் சீராக இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தத் தடங்களில் தென்மாநிலத் தொகுப்புக்குச் செல்கிறது, வீட்டுக்கு வருவதோ தெரு மின்மாற்றியைக் கடந்த பகிர்மானக் கம்பி வழியாக. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப்பின் கடலூர் மாவட்டத்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்ததை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு, '80 பிளஸ் பிரான்ஸ்' (Bronze) என்னும் மின்திறன் சான்று பெற்ற 550 வாட் அலகைத் தனியே வாங்க வேண்டும். 145 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5060 போன்ற கார்டுடன் கூடிய கணினி ஆட்டத்தின்போது 250 முதல் 300 வாட் வரை எடுக்கும் என்பதால், பாதிச் சுமையில் இயங்கும் அந்த அலகு வீணாக்கும் மின்சாரமும் குறைவு, வெளியிடும் சூடும் குறைவு.

சூடு இங்கே சிறிய செய்தியன்று. கத்திரி வெயிலில் அறையே 35 டிகிரிக்கு மேல் காயும்போது, அந்தக் காற்றையே உள்ளிழுக்கும் விசிறிகள் பாகங்களை அதைவிடக் குளிர்விக்க இயலாது. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகான கேபினெட்டைவிட, வலைமுகப்பும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் கொண்ட எளிய கேபினெட் இந்த ஊருக்கு ஏற்றது. மின்தடைக்காக யுபிஎஸ்ஸும் வாங்குவோர் அதன் விஏ எண்ணை வாட் என்று எண்ணிவிடக் கூடாது. 600 விஏ அலகு பொதுவாக 360 வாட் மட்டுமே தாங்கும், மானிட்டரையும் சேர்த்தால் அது விளிம்பில்தான் நிற்கும் என்பதால் 1000 விஏ அலகே பாதுகாப்பானது.

மின்கட்டணம் குறித்த அச்சம் பெற்றோருக்கு இயல்பானது. 300 வாட் எடுக்கும் கணினியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் 0.9 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைப்பதோடு ஒப்பிட்டால், அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு பொழுதுபோக்கே எடுத்துக்கொள்ளும். இந்த எண்ணையும் வீட்டார் சேர்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

கடையில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் குறித்த ஜிஎஸ்டி பில் பெற்றுக்கொள்வது கட்டாயம். உத்தரவாதத்துக்கு அதுவே சான்று. அதற்கு முன்பே, முதல் பாகத்துக்குப் பணம் கொடுக்கும் முன்பே, கணினி வைக்கப்போகும் சுவரில் உள்ள மூன்று முனை பிளக்கில் எர்த் உண்மையாகவே இணைந்திருக்கிறதா என்பதை உள்ளூர் மின்பணியாளர் ஒருவரை அழைத்துச் சோதித்துவிட வேண்டும்.