நோயாளி உள்ள வீட்டிற்கு எந்த நாய் ஏற்றது?

“அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார்; பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு சிறிய நாய் வாங்கிக் கொடுக்கலாமா?” புறநோயாளிகள் பிரிவில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். தந்தைக்கு நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா ஆகியவற்றுள் ஒன்று இருக்கும். கேள்வியில் ‘சிறிய’ என்னும் சொல்லுக்கே அழுத்தம் மிகுதி. நாய் சிறியதாக இருந்தால் தொல்லையும் சிறியது, ஆபத்தும் சிறியது என்னும் நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது.

அந்த நம்பிக்கை பாதி அளவே உண்மை. சிறிய நாய்க்கு உணவு குறைவு, இடம் குறைவு, கயிற்றை இழுக்கும் வலிமையும் குறைவு. ஆனால் அது கடித்தால் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிகள் குறைவதில்லை. அதனால் வரும் ஒவ்வாமையும் குறைவதில்லை. காலிடையே புகுந்து தடுக்கிவிடும் வாய்ப்போ, சிறிய நாயிடம் கூடுதலாகவே உண்டு. ஆகவே நாயின் உயரத்தை அளப்பதற்கு முன், வீட்டில் இருப்பவரின் உடல்நிலையை அளந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணையால் விளையும் நன்மை

நாய் வளர்ப்பதால் உடல்நலம் மேம்படுமா என்பதை மருத்துவ உலகம் ஆராய்ந்துள்ளது. அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, செல்லப்பிராணி வளர்ப்பு, குறிப்பாக நாய் வளர்ப்பு, இதய நோய்க்கான அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும் என்று கூறியது. அதே அறிக்கை, இதய நலத்தை மட்டுமே நோக்கமாகக் கொண்டு நாய் வாங்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. 2017இல் சுவீடன் நாட்டில் சுமார் 34 இலட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, நாய் வளர்ப்போரிடையே இறப்பு விகிதம் குறைவாகக் காணப்பட்டது. தனியாக வாழ்வோரிடம் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. நாயால்தான் ஆயுள் கூடியது என்று இதனைக்கொண்டு முடிவு கட்ட இயலாது. நலமாக இருப்பவர்களே நாய் வளர்க்க முன்வருகிறார்கள் என்றும் இருக்கலாம். எனினும் நாய் இருந்தால் நாள்தோறும் நடக்க வேண்டும், நேரத்திற்கு எழ வேண்டும், வாய் திறந்து பேச ஓர் உயிர் உண்டு. இவை மூன்றும் தனிமையில் இருக்கும் முதியவருக்குச் சிறிய நன்மைகள் அல்ல.

நம் வெயிலுக்கு ஏற்ற இனம்

தேனி மாவட்டத்திற்கென்றே பெயர்பெற்ற நாய் இனம் ஒன்று உண்டு. உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரையே அது தாங்கியுள்ளது. செம்பழுப்பு நிறமும் கரிய முகவாயும் கொண்ட கோம்பை நாய், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களோடு கோம்பையும் குறிப்பிடப்பட்டது. தோட்டமும் ஓடித்திரிய இடமும், பழக்கக்கூடிய வலுவுள்ள ஆளும் இருந்தால் கோம்பை சிறந்த காவலன். இரண்டு அறைகள் கொண்ட வீட்டில், மூட்டுவலியோடு நடக்கும் முதியவரின் கையில் அதன் கயிற்றைக் கொடுப்பது இருவருக்குமே நல்லதன்று.

அதனால்தான் பலர் வெளிநாட்டுச் சிறு இனங்களை நாடுகின்றனர். 2003 வாக்கில் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாய், நாடு முழுவதும் பெரும் விருப்பத்தை உண்டாக்கியது. 6 முதல் 8 கிலோ எடையும் இனிய குணமும் கொண்ட நாய் அது. ஆனால் அதன் முகம் தட்டையானது. மூக்குத்துளைகளும் மூச்சுப்பாதையும் குறுகியவை. நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சு இரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. குறுகிய மூச்சுப்பாதை உள்ள நாய்க்கு அவ்வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. ஆண்டிபட்டி, வைகை அணைப் பகுதியின் சித்திரை வெயிலில் அந்நாய் நண்பகலில் சிறிது தூரம் நடந்தாலே வெப்பத் தாக்குதலுக்கு உள்ளாகலாம். ஷிட்சூ இனமும் தட்டை முகம் உடையதே. அதன் நீண்ட முடியை நாள்தோறும் சீவிவிடவும் வேண்டும். நடுங்கும் கைகளுக்கு அது கடினமான வேலை.

டாஷண்ட் நாய்க்கு வெயில் அவ்வளவு இடரன்று. ஆனால் நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் உள்ளமையால் அதன் முதுகெலும்பு வட்டுகள் எளிதில் பிதுங்கும். மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டிற்கு அது பொருந்தாது. ‘பொமரேனியன்’ என்று நம் ஊர்களில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பல தலைமுறைகளாக இங்கேயே வளர்ந்த இந்நாய் நம் தட்பவெப்பத்திற்குப் பழகியது, முகம் நீண்டது, புத்திக்கூர்மை மிக்கது. குரைப்பும் முடி உதிர்தலும் அதன் குறைகள். சிறிய இனம்தான் வேண்டும் என்போருக்கு இவ்வட்டாரத்தில் ஸ்பிட்ஸ் பெரும்பாலும் பொருந்தும். உருவில் சிறிய, சாதுவான நாட்டு நாய் கிடைத்தால் அதுவும் அதற்குக் குறைந்ததன்று.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள்

ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளோர், ‘ஒவ்வாமை தராத இனம்’ என்று கூறி விற்கப்படும் நாய்களை நம்ப வேண்டா. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் உமிழ்நீரிலும் தோல் செதில்களிலும் உள்ளது. முடி நீளமா குட்டையா என்பதைப் பொறுத்ததன்று. வாங்குவதற்கு முன் அந்த நாய் இருக்கும் வீட்டிற்கு மூன்று நான்கு முறை சென்று, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது இருந்து பாருங்கள். தும்மலும் இரைப்பும் வந்தால் அதுவே விடை. எவ்வாறாயினும் படுக்கையறைக்குள் நாயை அனுமதிக்க வேண்டா.

நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். நாய்க்குப் புண்ணை நக்கும் இயல்பு உண்டு. உறங்கும்போது வளர்ப்பு நாய் கால் விரலைக் கடித்ததையே உணராத நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. பாதத்தில் புண் இருந்தால் கட்டுப் போட்டு மூடுங்கள். இரவில் நாய் வேறிடத்தில் உறங்கட்டும்.

முதியோருக்குப் பெரிய இடர், தடுக்கி விழுவது. அமெரிக்காவில் நாய், பூனைகளால் ஏற்படும் விழுகைக் காயங்கள் ஆண்டுக்குச் சுமார் 86 ஆயிரம் என 2009இல் வெளியான அரசு அறிக்கை கணக்கிட்டது. அவற்றுள் பெரும்பகுதி நாய்களால் ஏற்பட்டவை. எலும்பு மெலிவு உள்ளவருக்கு ஒரே ஒரு விழுகை இடுப்பு எலும்பை முறித்துப் படுக்கையில் கிடத்திவிடும். நாயின் கழுத்தில் சிறு மணி கட்டுங்கள். இரவு விளக்கு எரியட்டும். நடைக்குச் செல்லும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டா.

கீமோதெரபி பெறுவோர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. அவர்கள் புதிதாக நாய் வாங்கும் முடிவைத் தம் மருத்துவரிடம் கேட்ட பின்னரே எடுக்க வேண்டும். நாயின் கழிவை அகற்றும் பணியை வேறொருவர் செய்ய வேண்டும். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர், பையை மாற்றும் அறையில் நாய் நுழையாதபடி கதவைச் சாத்த வேண்டும். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறு நகக் கீறலும் நெடுநேரம் இரத்தம் கசியும். நாயின் நகங்களை ஒழுங்காக வெட்டி வையுங்கள்.

முன்பே நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. நோய் வந்துவிட்டது என்பதற்காகப் பழகிய நாயைப் பெரும்பாலும் பிரிய வேண்டியிராது. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு, கை கழுவுதல் ஆகிய நான்கும் ஒழுங்காக நடந்தால் போதும்.

குட்டியா, வளர்ந்த நாயா?

நாய் வாங்குவது என்றாலே குட்டி வாங்குவது என்று எண்ணுகிறோம். நோயாளி உள்ள வீட்டிற்கு ஓரிரு வயது நிரம்பிய, அமைதியான நாயே பெரும்பாலும் ஏற்றது. குட்டி கடித்து விளையாடும். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் அதற்கு மிகுதி. வளர்ந்த நாயின் குணத்தை முன்கூட்டியே அறியலாம். தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பார்க்கலாம்.

குட்டிதான் வேண்டுமெனில், எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டின் விதிகளும் அதைத் தடை செய்கின்றன. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் சாதுவாக இருந்தால் குட்டியும் அவ்வாறே வளர வாய்ப்பு மிகுதி. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும்படி அடுத்த ஊசியையும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியையும் போட வேண்டும்.

திராட்சையும் மாத்திரையும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை இல்லாத வீடு அரிது. குழந்தைக்குக் கொடுப்பதுபோல் நாய்க்கும் இரண்டு பழம் கொடுப்போர் உண்டு. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. சிறிய நாய்க்குச் சில பழங்களே ஆபத்தாகலாம். வெங்காயம், பூண்டு, சாக்லெட் ஆகியவையும் ஆகா.

நோயாளி உள்ள வீட்டில் மாத்திரைப் பட்டைகள் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் நாய்க்கு நஞ்சு. மருந்துகள் மூடிய பெட்டியில், உயரமான இடத்தில் இருக்கட்டும். இன்சுலின் ஊசிகளும் அவ்வாறே.

குட்டி கடித்தாலும் கடிதான்

உயிரோடு தொடர்புடைய பகுதி இது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் நோயாளியைக் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத செயல். அறிகுறி தோன்றுவதற்கு முன் உரிய ஊசிகளை முறையாகப் போட்டுக்கொண்டால் நோயை முழுமையாகத் தடுத்துவிடலாம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள காலத்தைத்தான் “குட்டிதானே”, “நம் வீட்டு நாய்தானே” என்னும் சொற்கள் வீணாக்குகின்றன. தடுப்பூசி போடும் வயதை எட்டாத குட்டிக்கும் வெறிநோய் வரலாம். தெருநாயோடு பழகிய வீட்டு நாய்க்கும் வரலாம்.

கடித்தாலோ பல், நகம் பட்டுக் கீறினாலோ, உடனே குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். தடுப்பூசி அங்கு இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று முதியோர் அஞ்சுவர். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இப்போது ஊசி மேற்கையில் போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாள்களிலும் வர வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தால், புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இரத்தம் வராத சிறு கீறலுக்கும் அது தேவைப்படலாம். எனவே உங்கள் நோயையும் மருந்துகளையும் ஊசி போடுபவரிடம் தவறாமல் கூறுங்கள்.

கடித்த நாயை 10 நாள்கள் கவனிக்க வேண்டும். ஆனால் கவனித்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் எனக் காத்திருக்கக் கூடாது. முதல் ஊசி முதல் நாளே. நாய் நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

வாங்கும் முன் பேச வேண்டியவை

சிறிய நாய்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடியவை. எழுபது வயதில் வாங்கிய நாய், வளர்ப்பவரின் எண்பது வயதைத் தாண்டியும் இருக்கும். ஆகவே குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து சில கேள்விகளுக்கு விடை காணுங்கள். தந்தை மருத்துவமனையில் பத்து நாள் தங்க நேர்ந்தால் நாய்க்குச் சோறு வைப்பவர் யார்? காலையில் வெயில் ஏறுமுன் நடைக்கு அழைத்துச் செல்பவர் யார்? உணவு, ஊசி, கால்நடை மருத்துவச் செலவு யாருடையது? அவருக்கு உண்மையாகவே நாய் பிடிக்குமா, அல்லது பிள்ளைகளின் மனநிறைவிற்காக ஒப்புக்கொள்கிறாரா?

விடை தெளிவாக இல்லையெனில், இப்போது வாங்காமல் இருப்பதும் நல்ல முடிவே. விடை கிடைத்துவிட்டால், முதலில் உங்கள் மருத்துவரிடமும் அடுத்து கால்நடை மருத்துவரிடமும் கலந்து பேசுங்கள். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே உள்ளது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையும் நாடலாம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் நாய் இருக்கிறது என்பதையும் அதற்குக் கடைசியாக ஊசி போட்ட தேதியையும் மறவாமல் எங்களிடம் தெரிவியுங்கள்.