வாயிலில் இரண்டு வரிசைகள்

பள்ளிச் சேர்க்கைக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்கும் கடைசி நாள் அது. மாலையில் பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்தார். "திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, சார். லைன் இல்லையா?" என்று கேட்டார். லைன் இருந்தது. லைன் இருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. அக்கரையிலுள்ள கணினியின் வாயிலில் இடமில்லாமற் போவதும் அதற்கொரு காரணம். அவ்வாயிலில் நிகழ்வது யாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

பலருக்கும் விடையளிக்கும் கணினியைச் சேவையகம் என்கிறோம். அதனுள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் நிரல் வேறு. வாயில் காக்கும் இயங்குதளம் வேறு. வெளியிணைப்புகள் வந்து பொருந்தும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். நிரல் வாயிலைத் திறக்கும்போதே, காத்திருப்போர்க்கு ஓர் எல்லையையும் இயங்குதளத்திடம் சொல்லிவிடுகிறது.

இணைப்பு மூன்று படிகளில் அமைகிறது. வரும் கணினி அழைக்கிறது. வாயில் மறுமொழி தருகிறது. அம்மறுமொழி கிடைத்ததென்று வந்த கணினி உறுதி கூறுகிறது. உறுதிக்காக நிற்பவை அரை இணைப்புகள்; மூன்றும் முடிந்தவை முழு இணைப்புகள். லினக்ஸ் இயங்குதளம் இவற்றை இரு வரிசைகளாகக் காக்கிறது. நிரல், முழு வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே அழைத்துக்கொள்கிறது.

முழு வரிசை நிரம்பிவிட்டால்? லினக்ஸ் பொதுவாக மறுப்புச் சொல்வதில்லை. புதிய அழைப்பைப் பேசாமல் விட்டுவிடுகிறது. விடை வராமையால், அழைத்த கணினி ஒரு வினாடி கழித்து மீண்டும் அழைக்கும். பிறகு இரண்டு, நான்கு என இடைவெளி இரட்டிக்கும். இம்மௌனம் புறக்கணிப்பன்று. 'இல்லை' என்றால் வந்தவர் திரும்பிவிடுவார். பேசாதிருந்தால், நெரிசல் தணிந்தபின் இடம் பெறுவார்.

பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. இயங்குதளத்தில் இவ்வெல்லை 5-ஐத் தாண்டாது. லினக்ஸில் நெடுங்காலம் 128 ஆக இருந்த இயல்பான உச்சவரம்பு, 2019-இல் 4,096 ஆயிற்று.

அப்படியானால் வரிசையை நீட்டினால் போதாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 100 பேர் வர, நிரல் 80 பேரையே அழைத்தால், 20 பேர் மிஞ்சுவர். 128 இடமும் 7 வினாடிக்குள் நிரம்பும்; 4,096 இடமாயினும் மூன்றரை நிமிடத்தைத் தாண்டாது. அப்பொழுது கடைசியில் நிற்பவரின் முறை வர 51 வினாடி ஆகும். அதற்குள் அவர் சலித்துப் போயிருப்பார். நீண்ட வரிசை திடீர் நெரிசலைத் தாங்கும். ஓயாத நெரிசலைத் தாங்காது.

அரை வரிசைக்கு வேறோர் இடர் உண்டு. 1996 செப்டம்பரில், பொய் முகவரியிட்ட அழைப்புகள் நியூயார்க்கின் பேனிக்ஸ் நிறுவனத்தை முடக்கின. உறுதி கூற எவரும் வரவில்லை. இடம் மட்டும் நிரம்பியது. அவ்வாண்டே டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு வழி கூறினார். வாயில் எவரையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. தன் மறுமொழியின் எண்ணிலேயே ஓர் அடையாளத்தைப் பொதிந்து அனுப்பினால் போதும். உண்மையாக வந்தவர் அதைத் திருப்பிச் சொல்வார். அப்பொழுது இடம் தரலாம்.

"பலமுறை அழுத்தாதீர்கள், ஒவ்வொரு முறையும் வரிசையில் இன்னோர் ஆளை நிறுத்துகிறீர்கள்" என்று அப்பெற்றோரிடம் சொன்னேன். இரவு பத்து மணிக்கு விண்ணப்பம் சென்று சேர்ந்தது. ஆனால் பொறுமை பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. வாயிலை அகலமாக்குவதோடு நில்லாமல், உள்ளே வேலையை விரைவாக்குதல் அமைப்போர் கடன். வரிசையின் கடைசியில் நிற்பது ஒரு பிள்ளையின் படிப்பு.