தேக்கடியின் தெப்பக்காரர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குப் பெரியாறு நீர்த்தேக்கம் ஓர் எண்ணாகவே அறிமுகமாகிறது. ‘இன்னைக்கு எத்தனை அடி?’ என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால், எந்த அணை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 104 அடிக்குக் கீழே இறங்கினால் நமக்குத் தண்ணீர் வராது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த எண்ணை நம்பியே இருக்கிறது. இவையெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல் மனப்பாடம். ஆனால், அதே நீரின் மேல் மூங்கில் தெப்பம் செலுத்திப் பிழைப்பவர்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. சென்ற ஆண்டு வகுப்புத் தோழர்கள் நால்வருடன் குமுளிக்குச் சென்று ஒரு நாள் அவர்களோடு இருந்தேன். கண்டதையும் பின்னர் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

காலையில் அவர்கள் நமக்கு முதலில் தருவது துடுப்பு அன்று. முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ளும் துணி உறை. அட்டைக்கடியைத் தடுப்பதற்காக. பிறகு காட்டுக்குள் நெடுநடை. ஒரு குழுவில் பயணிகள் பத்துப் பேர் அளவில்தான்; அவர்களுக்கு வழிகாட்டிகள் நாலைந்து பேர், துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர். சோறும் தண்ணீரும் சுமந்தபடி நடந்து கரையை அடைந்த பின்னரே தெப்பம்.

தெப்பத்தின் அமைப்பு மிக எளிது. முற்றிய மூங்கில்களை அடுக்கிக் கட்டுவார்கள். மேலே உட்கார இருக்கை. ஆணியும் இரும்பும் மிகுந்த படகைவிட இது ஏன் நம்பத் தகுந்தது என்பதற்கு மூங்கிலின் கணுக்களே விடை. ஒவ்வொரு கணுவுக்கும் இடையே காற்று அடைபட்ட ஓர் அறை உண்டு. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். ரிஷிகேசத்தில் கங்கையின் பாய்ச்சலில் செலுத்தும் ரப்பர்த் தெப்பத்தையும் தனித்தனிக் காற்றறைகளாகவே செய்கிறார்கள். இயற்கை மூங்கிலில் வைத்த தந்திரம்தான் தொழிற்சாலையிலும்!

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் நுரைத்துப் பாயும் ஆறுகளைக் கடுமைக்கேற்ப ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். ஆறாம் தரம் உயிரோடு விளையாடுவது. அந்த ஆறுகளில் வழிகாட்டி தண்ணீரைப் படிக்க வேண்டும். நீர் நாக்குப்போலக் கீழ்நோக்கிக் கூர்ந்து செல்லும் இடம் வழி. பாறைக்குப் பின்னால் திரும்பிச் சுழலும் இடம் சில வேளை ஒதுங்குமிடம், சில வேளை பொறி. தவறி விழுந்தவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால் வெள்ளம் ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். நம் ஒகேனக்கல் பரிசல்காரர்களும் இதே பள்ளியில் பயின்றவர்கள்தாம். காவிரியில் நீர்வரத்து ஏறினால் அவர்களுக்குப் பரிசல் இயக்கத் தடை. அன்றையக் கூலியும் இல்லை.

தேக்கடி ஏரி அப்படிப் பாய்வதில்லை. ஆனால், அதன் ஆபத்து அடியில் இருக்கிறது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் நீர் தேங்கியபோது பள்ளத்தாக்கின் மரங்கள் நின்றபடியே மூழ்கின. அவற்றின் கருத்த கட்டைகள் இன்றும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன; நீர்க்காகங்கள் அவற்றில் சிறகு உலர்த்துகின்றன. தலை தெரியும் கட்டைக்கு யாரும் அஞ்சுவதில்லை. ஓர் அடி ஆழத்தில் மறைந்திருப்பதுதான் தெப்பத்தைத் தட்டும். எந்தக் கட்டை எத்தனை அடியில் மறையும் என்று எங்கள் தெப்பக்காரர் கணக்கு வைத்திருந்தார். நாம் டீக்கடையில் கேட்கும் அதே எண் அவருக்கும் தேவைப்படுகிறது!

“தம்பி, ஆனையைப் பாத்தா எந்திரிக்கப்படாது. உக்காந்த எடத்துலயே பாருங்க” என்றார் அவர், புறப்படுமுன்பே. அது வெறும் கண்டிப்பு அன்று. 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதைப் பற்றி அப்போது செய்தித்தாள்கள் எழுதின. உயிர்காப்பு அங்கியின் வாரை ஒவ்வொருவருக்கும் அவரே இழுத்துப் பார்த்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

இனி, இவர்கள் யார் என்பது. மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர் சிலர் இப்பணியில் உள்ளனர். மன்னான் மக்கள் நெடுங்காலமாக இந்த ஏரியில் மூங்கில் தெப்பமேறி மீன் பிடித்தவர்கள். இன்னொரு கூட்டத்தாரின் கதைதான் வியப்பானது. அவர்கள் ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, மலையாளத்தில் ‘வயணா’ எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்கள். வழக்கும் சிறையும் தலைமறைவுமாக வாழ்ந்த 20-க்கு மேற்பட்டோரை 1998-ல் கேரள வனத்துறை ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்த்தது. காட்டின் கள்ளப் பாதைகளை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? அதே பாதைகளில் இரவுக் காவல் சுற்றவும், பகலில் பயணிகளை அழைத்துச் செல்லவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். வருவாயில் குழுவின் நிதிக்கும் பங்கு உண்டு. திருடனைக் காவலுக்கு வைத்ததாகச் சிலர் கேலி பேசியிருக்கலாம். மரத்தின் விலையைச் சரியாக அறிந்தவனிடமே மரத்தை ஒப்படைத்தார்கள் என்பது என் எண்ணம்.

சொகுசான வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். மழையில் நனைந்தபடி துடுப்புப் போட வேண்டும். மிளா கனைத்தால் என்ன, குரங்கு கத்தினால் என்ன என்று காது எப்போதும் காட்டின் பக்கம் இருக்க வேண்டும். கடும் மழையில் தெப்பம் நின்றால் பயணியும் இல்லை. கோடையில் ஏரி சுருங்கிக் கரையில் புல் முளைக்கும்போது யானையும் காட்டெருமையும் நீர் தேடி இறங்கி வருகின்றன. பயணிகளுக்கு அதுதான் நல்ல காட்சி. அந்த நாட்களில்தான் கூடலூரிலும் கம்பத்திலும் நம் பெரியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போக விரும்பும் நண்பர்கள் முன்பதிவு செய்துகொண்டு, மங்கிய நிறச் சட்டையில் செல்லுங்கள். எங்களில் ஒருவன் செந்நிறச் சட்டையோடு வந்து, அன்று முழுதும் தெப்பக்காரரின் பழைய பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.