பொம்மைக்கு முத்திரை உண்டு; சட்டைக்கு இல்லை

புது தில்லி: கடையில் விற்கப்படும் துணிப் பொம்மையில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. கைவினைப் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால், அதே துணியில் தைத்து அதே குழந்தைக்கு அணிவிக்கப்படும் சட்டைக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. பொம்மை சிறிது நேரமே குழந்தையின் கையில் இருக்கும். சட்டையோ நாள் முழுவதும் உடலோடு ஒட்டியிருக்கும், வியர்வையில் நனையும், வாயில் வைத்துச் சப்பவும்படும்.

"பருத்தித் துணிதானே, அது என்ன செய்துவிடும்?' என்பது பெற்றோரின் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைகளுக்கான பொருள்கள் அனைத்திலும் ஈயத்தின் அளவைச் சோதிக்க வேண்டும் என 2008-ல் அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டு வந்தது. ஆனால், துணிகளில் ஈயம் இருக்க வாய்ப்பில்லை என்று கண்டறியப்பட்டதால், பருத்தி, பட்டு, கம்பளி உள்ளிட்ட இழைகளால் ஆன துணிகளுக்கு 2009-ல் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆக, இழையின் மீது குற்றமில்லை. இழையின் மீது ஏற்றப்படுவது எது என்பதே கேள்வி.

சாயமும் மெருகும்

தறியிலிருந்து இறங்கும் துணி அப்படியே கடைக்கு வருவதில்லை. கஞ்சி நீக்குதல், வெளுத்தல், சாயமிடுதல், மெருகேற்றுதல் எனப் பல கட்டங்களைக் கடந்தே வருகிறது. 1880-களில் ஜெர்மனியில் உருவான "காங்கோ சிவப்பு' என்ற சாயம், இடைப்பொருள் எதுவுமின்றி பருத்தியில் நேரடியாக ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. அது பென்சிடின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டது. அதைத் தொடர்ந்து, விலை மலிவான பென்சிடின் வகைச் சாயங்கள் பல பருத்திக்கென்றே வந்தன. பிற்காலத்தில், பென்சிடின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

சாயத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதை பிராங்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரென் 1895-லேயே சுட்டிக்காட்டினார். "அசோ' வகைச் சாயங்கள் அனைத்தும் தீங்கானவை அல்ல. உடலில் உள்ள பாக்டீரியாக்களால் சிதைந்து, பென்சிடின் போன்ற அமீன்களை வெளியிடக்கூடிய சிலவே ஆபத்தானவை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால், அவர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

இரண்டாவது பொருள் ஃபார்மால்டிஹைடு. பருத்தி எளிதில் கசங்கும். அதைத் தடுக்கும் மெருகில் இது சேர்கிறது. தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதை சுவாசிப்பதே அந்த முடிவுக்கு முக்கிய அடிப்படை.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

1990-களின் நடுவில் ஜெர்மனி இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்ததும் இந்திய ஏற்றுமதியாளர்கள் விழித்துக்கொண்டனர். 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1997-ல் 70 அசோ சாயங்களை மத்திய அரசு தடை செய்தது. அதற்கு முன்பே தடை செய்யப்பட்ட 42 பென்சிடின் சாயங்களையும் சேர்த்தால் மொத்தம் 112. இவற்றைத் தயாரிப்பதும் பயன்படுத்துவதும் விற்பதும் குற்றம்.

தடையின் பிடி சாயத்தின் மீதுதான். உள்நாட்டுக் கடையில் தொங்கும் ஒவ்வொரு வகை ஆடையும் விற்பனைக்கு முன்பு சோதிக்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. மேலும், இந்தச் சட்டத்தை மீறுவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்றிருந்த தண்டனை, 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய "ஜன் விஸ்வாஸ்' சட்டத்தால் நீக்கப்பட்டு, ரூ.10 ஆயிரம் முதல் ரூ.15 லட்சம் வரையிலான அபராதமாக மாற்றப்பட்டது. தொழில் நடத்துவதை எளிதாக்குவது அரசு கூறிய நோக்கம். தண்டனை தளர்ந்த நிலையில், கண்காணிப்பாவது இறுக வேண்டாமா?

ஏற்றுமதிக்கு ஓர் அளவுகோல்

ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்த அமீன்கள், ஆடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஜப்பானில் 1973-ம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதத்துக்கு உள்பட்ட குழந்தைகளின் ஆடையில் ஃபார்மால்டிஹைடு கண்டறியக்கூடிய அளவில்கூட இருக்கலாகாது. சீனா மழலையர் ஆடைக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என வரம்பு வகுத்துள்ளது.

பானிப்பட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் வெளிநாடு செல்லும் நெசவுத் துணிகள் இறக்குமதி நாடுகளின் வரம்புகளுக்கு உள்பட்டாக வேண்டும். அதற்கான ஆய்வகங்களும் தொழில்நுட்பமும் நம்மிடமே உள்ளன. அயல்நாட்டுக் குழந்தைக்குச் சோதித்து அனுப்பத் தெரிந்த நாட்டில், உள்நாட்டுக் குழந்தைக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை என்பது நியாயமாகாது.

நெசவாளர் தலையில் சுமை ஏற்றலாமா?

இதற்கு எதிரான வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர்; பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு துண்டுத் துணிக்கும் ஆய்வகச் சான்று கேட்டால், பெரிய ஆலைகள் சமாளிக்கும். சிறு நெசவாளி தறியை நிறுத்திவிடுவார். சாயத்தை வாங்கும் இடத்திலும், நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையிலும் சோதனை நடந்தால் இந்தச் சுமை அவர் மீது விழாது. ஒரு பட்டறையைச் சோதித்தால் நூறு தறிகளின் துணி தெளிவாகிவிடும்.

2006-ல் வந்த "கைத்தறி முத்திரை' துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், சாயத்தைப் பற்றி அது பேசுவதில்லை. 2015 ஆகஸ்ட் 7-ல் சென்னையில் பிரதமர் தொடங்கி வைத்த "இந்தியா கைத்தறி' முத்திரைத் திட்டம் தடை செய்யப்பட்ட சாயங்களையும் கருத்தில் கொள்கிறது. ஆனால், அது விரும்புவோர் பெறும் முத்திரை. மழலையர் ஆடைக்கு மட்டுமாவது அந்த அளவுகோலைப் பொதுவாக்கினால் என்ன?

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாதுகாப்பற்ற பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம், 2020-ல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. ஆதாரமின்றி "இயற்கையானது', "தூய்மையானது' என விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024-ல் அது வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. கடைகளில் மழலையர் ஆடைகளை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிடத் தொடங்கினாலே போதும்.

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியிலும் சேலையிலும் சுற்றுவது வடக்கிலும் தெற்கிலும் உள்ள வழக்கம். அதில் அறிவியலும் உண்டு. துவைக்கத் துவைக்க ஃபார்மால்டிஹைடு பெருமளவு வெளியேறிவிடும். எனவே, புதுத் துணியை ஒருமுறையாவது அலசிய பிறகே குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். ஆனால், இழையோடு ஒட்டிவிட்ட தடை செய்யப்பட்ட சாயத்தை எந்தத் தாயாலும் துவைத்து நீக்கிவிட முடியாது. அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது.