ஒன்பது 'ஏ' எடுக்காத பிள்ளையின் உரிமைகள்

சாதாரணதரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரம் பதாகைகள் எழும்பும். ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்த பிள்ளைகளின் படம், பாடசாலையின் பெயர், பக்கத்திலேயே ரியூசன் நிலையத்தின் பெயர். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு கொண்டாடப்பட வேண்டியதுதான். ஆனால் அதே தெருவில் ஏழு 'ஏ' எடுத்த பிள்ளை அறையை விட்டு வெளியே வராமல் கிடக்கும். கணிதத்தில் 'எஸ்' எடுத்த பிள்ளையின் உம்மா கலியாண வீட்டுக்குப் போகத் தயங்குவார். 'ஏ' சித்திக்கு வேண்டியது 75 புள்ளி, நூறல்ல. நூற்றுக்கு 25 வரை பிழைவிட்டாலும் அதியுயர் சித்தி உண்டு என்று பரீட்சைத் திணைக்களமே வைத்திருக்கிறது. ஊர்தான் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை.

குறையே இருக்கக் கூடாது என்ற இந்த நெருக்குதல் உலகெங்கும் கூடிவருகிறது. தோமஸ் கரன், அன்ட்ரூ ஹில் என்ற இரு உளவியலாளர்கள், 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 41,000-க்கும் அதிகமான பல்கலைக்கழக மாணவர்கள் அளித்த பதில்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். 'மற்றவர்கள் என்னிடம் குறையில்லாத ஒருவரை எதிர்பார்க்கிறார்கள்' என்ற எண்ணம் அந்தக் காலத்தில் 33 சதவீதம் கூடியிருந்தது. தன் மனசுக்காகத் தானே உயரத் துடிப்பது ஒன்று. ஆக்கள் என்ன கதைப்பாங்க என்று பயந்து உயர முயல்வது வேறொன்று. இரண்டாவது வகைதான் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அதிகம் கைகோத்து வருகிறது.

இந்த நெருக்குதலின் நடுவே பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது, நாட்டின் சட்டமும் கல்வி முறையும் பிள்ளைக்கு ஒரே ஒரு வாய்ப்போடு கதவைச் சாத்தவில்லை என்பதை.

முதலாவது, பாடசாலையில் இருக்கும் உரிமை. 2016 ஏப்ரல் மாத வர்த்தமானி அறிவித்தலோடு கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்றானது. அதற்கு முன் மேலெல்லை 14. புள்ளி குறைவு, பாடசாலையின் சித்தி வீதம் விழுந்துவிடும் என்ற காரணங்களுக்காக அந்த வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்ப முடியாது. அப்படி யாராவது நெருக்கினால் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் முறையிட வேண்டும். அங்கு தீர்வில்லையென்றால் திருகோணமலையிலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போகலாம். வாய்ப்பேச்சில் விட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது.

இரண்டாவது, அடி வாங்காமல் படிக்கும் உரிமை. 'அடிச்சாத்தான் படிப்பான்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கல்வி அமைச்சின் 2005ஆம், 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைகள் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கின்றன. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட தென்மாகாண மாணவன் ஒருவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும் அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் கொடுக்க உத்தரவானது. இப்படிப்பட்ட வழக்கை, உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்கு ஓட வசதியில்லாதவர்கள் கல்முனையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் அதே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது.

உயர்தரத்தின் கதை இன்னும் முக்கியமானது. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று முறை பரீட்சை எழுதலாம். மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும் என்பது நிபந்தனை. இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி. ஆகவே முதல் தடவை தவறிய பிள்ளை எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. மிகப் பலவீனமான ஒரு பாடத்தை ஒரு படி தூக்கினாலே முழுப் புள்ளியும் நகரும். பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீத இடம் நாடளாவிய திறமைப்படி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பகிரப்படுகிறது. அம்பாறை அந்த 16-இல் ஒன்று. வசதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டு வைத்த ஒதுக்கீடு இது. இதைப் பயன்படுத்துவதில் கூச்சப்பட எதுவுமில்லை.

பெறுபேற்றில் ஐயம் இருந்தால் அறிவிக்கப்படும் திகதிக்குள் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். விளக்கம் வேண்டுமானால் பரீட்சைத் திணைக்களத்தை 1911-இல் அழைக்கலாம்.

அப்படியும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லையென்றால்? சம்மாந்துறை உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறி வழியாக, உயர்தரச் சித்தி இல்லாதவர்களும் 18 வயதுக்குப் பிறகு பட்டப்படிப்பை நோக்கி நகரலாம். அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில் இருக்கிறது.

ஏமாற்று வியாபாரம் நுழைவதும் இந்த இடைவெளியில்தான். 'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்', 'நூறு சதவீத சித்தி உத்தரவாதம்', 'ஒரே வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம்'. மனமுடைந்த பிள்ளைக்கும் அவசரப்படும் வாப்பாவுக்கும் இவை இனிக்கும். நகை அடகுக்குப் போகும். காசு கட்டுமுன் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். தொழிற்பயிற்சி நிலையமானால், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். பட்டமானால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று கேட்டறிய வேண்டும். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் பிரதி, ஒப்பந்தம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977-க்கு முறையிட இவைதான் சாட்சி.

இந்தக் கிழக்குக் கரையில் அதிகம் பேருக்குப் பயன்படக்கூடியதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஒன்றுண்டு. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. அதற்கு ஏழு மட்டங்கள். ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பாடசாலையை இடையில் விட்டவர்கூட இந்த ஏணியில் கால் வைக்கலாம். பதினைந்து வருடம் மேசன் வேலை செய்தவர், கராஜில் வளர்ந்தவர், வீட்டில் தையல் மெஷினோடு குடும்பம் நடத்தும் பெண் ஆகியோர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தெரிந்த தொழிலைச் செய்துகாட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல் மதிப்பீட்டின் வழியாகச் சான்றிதழ் பெறலாம். நைட்டா என்று அழைக்கப்படும் பயிலுனர் அதிகாரசபை இதைச் செய்கிறது. கட்டாருக்கோ சவூதிக்கோ போகிற மேசன் கையில் சான்றிதழ் இருந்தால், கூலியாள் என்ற தரத்தில் சேர்க்கப்படாமல் தொழில் தெரிந்தவர் என்று பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

இந்த மதிப்பீட்டின் நியாயம் மனசுக்கு நிறைவு தருவது. தொழில் பல அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லா அலகிலும் தேறாவிட்டால் எல்லாம் போயிற்று என்றில்லை. தேறிய அலகுகளுக்குப் பதிவுச் சான்று உண்டு. விடுபட்டதை மட்டும் பழகி மறுபடி வரலாம். குர்ஆனை மனனம் செய்யும் ஹிப்ழு மத்ரஸாவில் பிள்ளை இன்றைய பாடமான சபக்கை ஓதிக் காட்டி, தடுமாறிய இடத்தை நாளை மறுபடி ஓதுவது போன்ற ஒழுங்கு இது. குர்ஆன் மனனத்தில் இத்தனை பொறுமை காட்டும் ஊர், கணிதப் புள்ளியில் மட்டும் பொறுமை இழப்பது ஏன் என்று பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் யோசிக்கலாம். பதாகை அடிக்கும் காசில் ஒரு பகுதியை, சென்ற தவணையை விட இருபது புள்ளி கூட்டிய பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தால் என்ன?

உடனே கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. பெறுபேற்றுக்குப் பிறகு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் நாட்கணக்கில் ஒதுங்கினால், அல்லது 'நான் இருந்து என்ன' என்ற மாதிரிப் பேசினால், அதை நடிப்பென்றோ கண்ணூறு என்றோ தள்ளிவிடக் கூடாது. அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாமல் கூட இருப்பதும், திட்டாமல் கேட்பதும் முதல் வேலை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926-ஐத் தமிழிலும் அழைத்துப் பேசலாம். அரச ஆதார வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

ஆர்.பி.எல் பற்றி விசாரிக்கப் போகிறவர்கள் தேசிய அடையாள அட்டை, வேலை செய்த இடங்களின் கடிதங்கள், செய்த வேலைகளின் படங்கள் ஆகியவற்றை ஒரு கோவையில் சேர்த்துக்கொண்டு முதலில் தங்கள் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். தொழிற்பயிற்சி, தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேட்டால், விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, அடுத்த மதிப்பீடு எப்போது என்ற விவரம் கிடைக்கும்.