கறக்கிற கையிடம் பேசுங்கள், டாக்டர்

மடிவீக்கம் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டதும், "மூணு நாளைக்குப் பாலை சொசைட்டிக்கு ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டியை எடுப்பார். வீட்டுக்காரரும் தலையாட்டுவார். மறுநாள் காலை, பால் வழக்கம்போல் கேனில் போகும். அவர் பொல்லாதவர் அல்ல. மூன்று நாள் பாலைக் கொட்டினால் தீவனக் கடன் என்னாகும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பாலில் தங்கும் ஆன்டிபயாட்டிக் காய்ச்சினாலும் முழுதாகப் போகாது என்றும் சொல்லவில்லை. போதாததற்கு, அறிவுரை போனது வாசலில் நின்ற ஆணுக்கு. தினமும் கறப்பதோ அவர் மனைவி.

இப்படிக் கட்டளையிடுவதற்கு மாற்று உண்டு. குடிநோயாளிகளிடம் பேச அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் ஒரு முறையை முன்வைத்தார். அதட்டக் கூடாது, மாறவேண்டிய காரணத்தை அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பண்ணைக்குப் போகும் கால்நடை மருத்துவர்களின் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார்கள். பெரும்பாலும் கட்டளைதான். நம் ஊரில் பதிவுசெய்யவே வேண்டாம்!

உதாரணத்துக்கு, கறந்து முடித்து அரைமணி நேரமாவது காம்பின் துவாரம் சரியாக மூடாது. அப்போது மாடு சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும். "படுக்க விடாதீங்க" என்றால் எப்படி முடியும்? "தீவனம் எப்போ வைப்பீங்கம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "கறக்கிறதுக்கு முன்னாடி... அப்போ கறந்தப்புறம் வச்சா நின்னுக்கிட்டே தின்னுமே!" என்று அவரே சொல்லக்கூடும். தானே கண்ட வழியை அவர் விடமாட்டார். முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டு, பாலில் திரி, கட்டி விழுகிறதா என்று பார்க்கவும் அவர் கையாலேயே பழக்கிவிடலாம். பல ஊருக்கு ஒரே டாக்டர், நேரமில்லை என்பது நிஜம்தான். ஆனால் அதே மாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட வருவதற்கு மட்டும் நேரம் ஏது?

தேவையில்லாமலும் அரைகுறையாகவும் போடும் ஆன்டிபயாட்டிக்கால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான கால்நடைகளுக்கு விற்க 2019-இல் இந்தியா தடைவிதித்தது அதனால்தான்.

மாடு வளர்ப்பவர்களே, மருந்தின் பெயர், எத்தனை நாள் ஊசி, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒதுக்கும் நாள் மருந்துக்கு மருந்து மாறும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி சிகிச்சை தரவேண்டியவர் பதிவுபெற்ற மருத்துவர். மற்றவர்கள் அவர் மேற்பார்வையில் சிறு உதவிகள் செய்யலாம். அவசரத்துக்கு 1962-ஐ அழையுங்கள். டாக்டர் வரும்போது, கறப்பவர் மாட்டின் பக்கத்தில் நிற்கட்டும்.